சத்து மாத்திரைக்குப் பின்னால் ஒரு மனிதர்: டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற சிவப்பு மாத்திரை நமக்கெல்லாம் தெரியும். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று கொடுக்கிற நீல மாத்திரையும் தெரியும். இரும்புச் சத்து மாத்திரை என்று அதற்குப் பாதிப் பெயர்தான் வைத்திருக்கிறோம். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் இரும்புக்குப் பக்கத்தில் போலிக் ஆசிட் என்று இன்னொரு பெயரும் இருக்கும். கர்ப்பிணிக்கான மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராம், போலிக் ஆசிட் 500 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராம். கடுகு முனையளவு கூட இல்லாத அந்த மருந்தைத் தொழிற்சாலையில் செய்ய வழி கண்டுபிடித்த குழுவின் தலைவர், சென்னையில் படித்த ஒரு டாக்டர்.

அவர் பெயர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். தெலுங்குக்காரர். அவர் பிறந்தபோது ஆந்திரா தனி மாநிலம் இல்லை, எல்லாம் சென்னை ராஜதானிதான். கோதாவரிப் பக்கம் பீமவரம் என்ற ஊரில் 1895 ஜனவரி 12-ஆம் தேதி பிறந்தார். வீட்டில் ஏழு பிள்ளைகள். அப்பா ஜகந்நாதம் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். உடம்பு முடியாமல் சீக்கிரமே வேலையை விட்டுவிட்டார். குடும்பத்தைக் கட்டி இழுத்தது அம்மா வெங்கம்மாதான்.

பையனோ படிப்பில் சுமார். 13 வயதில் வீட்டை விட்டு ஓடிப்போய், காசியில் யாத்திரை வருகிறவர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம் என்று கிளம்பிவிட்டார். அதைக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது, ஆனால் வீட்டில் இருந்த கஷ்டமும் அதில் தெரிகிறது. பிடித்துக் கொண்டுவந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை பெயில். அப்பாவும் இறந்துபோனார். வெங்கம்மா தன் நகையை விற்று மகனைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது தடவை பாஸ் செய்தார். நகையை அடகு வைத்துப் பிள்ளையின் பீஸ் கட்டிய அக்காமார் நம் குழுக்களில் எத்தனை பேர் என்று எண்ணினால் ஒரு நோட்டுப் போதாது. அதனால் இந்த இடத்தை நான் வேகமாகத் தாண்ட விரும்பவில்லை. இரண்டு தடவை பெயிலான பையனுக்காக மூன்றாவது தடவையும் செலவு செய்த அந்த அம்மா இல்லையென்றால், இந்தக் கதையே இல்லை.

மாநிலக் கல்லூரியில் படித்த காலத்தில் அவருக்குத் துறவியாகப் போகவேண்டும் என்று ஆசை வந்தது. ராமகிருஷ்ண மடத்தில் சேரப் பார்த்தார். அம்மா சம்மதிக்கவில்லை. மடத்திலும், சேவை செய்ய ஆசையென்றால் மருத்துவம் படி என்று திருப்பிவிட்டார்கள். 1915-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு நண்பர்கள் உதவினார்கள், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் உதவினார். அவர் மகள் சேஷகிரியை 1919-ல் சுப்பாராவ் திருமணம் செய்துகொண்டார்.

அது காந்தி அந்நியத் துணியை விடச் சொன்ன காலம். சுப்பாராவ் ஆபரேஷன் வகுப்புக்கும் கதர் அங்கியோடுதான் போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு என்ற வெள்ளைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சையை நன்றாக எழுதியும் முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி கீழே எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கொடுத்தார்கள். அரசாங்க மருத்துவ வேலையும் கிடைக்கவில்லை. உடுத்திய துணிக்கு அவர் கொடுத்த விலை அது.

இதற்கு நடுவில்தான் வீட்டில் பெரிய இடி விழுந்தது. அண்ணனும் தம்பியும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நோய், ஸ்ப்ரூ. நம் பக்கத்துப் பெரியவர்கள் கிராணி என்று சொல்வார்களே, அந்த மாதிரி விடாத பேதி. சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது. குடல் சத்தை உறிஞ்சாது. நாக்கு புண்ணாகிச் சிவந்துபோகும், ரத்தம் வெளுத்துவிடும், ஆள் எலும்பும் தோலுமாகிவிடுவார். இங்கிலீஷ் மருத்துவத்தில் அப்போது அதற்குச் சரியான மருந்து கிடையாது. அந்த நோய் சுப்பாராவையும் பிடித்தது. அவரைக் காப்பாற்றியது ஆச்சண்ட லட்சுமிபதி என்ற டாக்டர் கொடுத்த ஆயுர்வேத மருந்து.

லட்சுமிபதி இங்கிலீஷ் மருத்துவம் படித்துவிட்டு ஆயுர்வேதத்துக்கு வந்தவர். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி நடத்தினார். சுப்பாராவுக்கு அங்கேயே உடற்கூறு பாடம் நடத்தும் வேலை கொடுத்தார். நம் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோவிலில் தன்வந்திரி சந்நிதிக்கு அமாவாசையன்று லேகியம் வாங்க நிற்கிறவர்களுக்கு இந்த இடம் பிடிக்கும் என்று நினைக்கிறேன். நாட்டு மருந்தில் பிழைத்த அந்த டாக்டர் அதோடு நிற்கவில்லை. அது ஏன் வேலை செய்தது, உடம்பில் எது குறைந்ததால் அந்த நோய் வந்தது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று நினைத்தார்.

ஒரு கிளைக்கதை சொல்லிவிட்டுப் போகிறேன். இந்த லட்சுமிபதியின் மனைவிதான் ருக்மணி லட்சுமிபதி. 1930-ல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஜெயிலுக்குப் போனவர். 1946-ல் சென்னை ராஜதானியின் சுகாதார அமைச்சரானவர். அந்த அமைச்சரவையில் ஒரே பெண் அவர்தான். சென்னை எழும்பூரில் அவர் பெயரில் பெரிய சாலை இருக்கிறது. அடுத்த மலருக்கு அவரைப் பற்றி யாராவது எழுத வேண்டும்.

சுப்பாராவ் 1922 அக்டோபரில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரம் போய்ச் சேர்ந்தார். மாமனாரும் ஒரு தரும ஸ்தாபனமும் செலவுக்குக் கொடுத்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்ப நாட்டு நோய்கள் படிப்பு. சென்னையில் வாங்கிய சான்றிதழை வைத்து டாக்டர் வேலை கிடைக்கவில்லை. ராத்திரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி, மூத்திரச்சட்டி கழுவுகிற வேலை செய்து வயிற்றைக் கழுவினார். பகலில் படிப்பு.

அந்த வருஷம் மருத்துவ உலகத்துக்கே திருவிழா வருஷம். 1922 ஜனவரியில்தான் கனடாவில் டொராண்டோ நகரத்தில் சர்க்கரை நோயால் சாகக் கிடந்த ஒரு பையனுக்கு முதல்முதலாக இன்சுலின் போட்டார்கள். கணையம் என்ற உறுப்பு சுரக்கிற ஒரு ஹார்மோன் குறைந்தால், ரத்தத்தில் சர்க்கரை கொட்டிக் கிடந்தாலும் உடம்பால் எடுத்துக்கொள்ள முடியாது என்று அப்போது உறுதியாகியிருந்தது. வியாதி என்றால் கிருமி மட்டும்தான் காரணம் என்று இருந்த காலம் போய், சுரப்பதில் குறை, செரித்ததைச் சத்தாக மாற்றுவதில் குறை என்று பார்க்கிற காலம் வந்தது. அதற்கெல்லாம் ரத்தத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று அளக்கத் தெரியவேண்டும். ரத்தச் சர்க்கரையை அளக்க அன்றைக்கு உலகமெங்கும் பயன்பட்ட ஒரு முறையைக் கண்டுபிடித்த ஓட்டோ ஃபோலின்தான் ஹார்வர்டில் உயிர்வேதியியல் துறைக்குத் தலைவர். அந்தத் துறையில் சுப்பாராவ் சேர்ந்தார்.

சைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து 1925-ல் அவர் வெளியிட்டது ரத்தத்திலும் மூத்திரத்திலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்கிற முறை. ஒரு ரசாயனத்தைக் கலந்தால் நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். கேட்க என்னமோ சின்ன விஷயம் மாதிரி இருக்கும். எலும்பு தேய்கிற நோய், கிட்னிக் கோளாறு, கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கிற பாராதைராய்டு சுரப்பியில் வருகிற ஹார்மோன் கோளாறு, இவற்றையெல்லாம் கண்டுபிடிக்க பாஸ்பரஸ் அளவு தேவை. ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று அது உலகம் முழுக்கப் பாடப் புத்தகத்தில் ஏறியது. லேப் டெக்னீஷியன் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பாஸ்பரஸை அளக்கப் போய் அவர்களுக்கு வேறு ஒன்று அகப்பட்டது. தசையில் பாஸ்பரஸ் சேர்ந்த இரண்டு பொருட்கள். 1927-ல் பாஸ்போகிரியாட்டின், 1929-ல் ஏ.டி.பி. அதே 1929-ல் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் ஏ.டி.பி.யைத் தனியாகக் கண்டுபிடித்தார். வாயில் நுழையாத பெயர்தான். நம் குழுக் கணக்கில் வைத்துச் சொன்னால் புரிந்துவிடும்.

நாம் சாப்பிடும் சோறும் பருப்பும் எண்ணெயும் உடம்பில் சேமிப்பாகப் போகிறது. கொழுப்பு என்பது பேங்க்கில் போட்ட வைப்புத் தொகை மாதிரி, எடுக்க நேரமாகும். ஈரலிலும் தசையிலும் இருக்கிற மாவுச் சத்து குழுவின் பொதுநிதி மாதிரி. ஆனால் கடைக்காரர் பாஸ்புக்கை வாங்கிக்கொண்டு காய்கறி கொடுப்பாரா? கையில் சில்லறை வேண்டும். கண் சிமிட்ட, குடம் தூக்க, இதயம் துடிக்க உடம்பு கொடுக்கிற சில்லறைதான் ஏ.டி.பி. அது தீர்ந்தால் உடனே கைமாற்றுத் தருகிற பக்கத்து வீட்டு அக்காதான் பாஸ்போகிரியாட்டின். எந்த நேரத்தில் பார்த்தாலும் உடம்பில் இருக்கிற ஏ.டி.பி. கால் கிலோவைத் தாண்டாது. ஆனால் செலவழித்து, திரும்ப உண்டாக்கி, மறுபடி செலவழித்து என்று ஒரு நாளில் சுழல்வது கிட்டத்தட்ட நம் உடம்பு எடை அளவுக்கு. உள்கடன் கணக்கு எழுதுகிற ஊக்குநர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. பணம் நிறைய இருப்பது முக்கியமில்லை, சுழல்வதுதான் முக்கியம்.

தசை எப்படி வேலை செய்கிறது என்று அதற்கு முன்பு நோபல் பரிசு வாங்கிய விளக்கத்தையே இந்தக் கண்டுபிடிப்புகள் மாற்றி எழுத வைத்தன. ஆனால் சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1930-ல் டாக்டர் பட்டம் வாங்கியும், வருடக்கணக்கில் உழைத்தும் கிடைக்கவில்லை. அவருடைய ஆராய்ச்சியில் சில வெளிச்சத்துக்கு வராமலே போனதற்கு ஃபிஸ்கேயின் பொறாமை ஒரு காரணம் என்று பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹிட்சிங்ஸ் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். சுப்பாராவும் தன்னை முன்னால் நிறுத்திக்கொள்கிற ஆள் இல்லை. அதைப் பெருந்தன்மை என்று புகழ்கிறார்கள். எனக்கு அப்படிப் புகழ மனசு வரவில்லை. செய்த வேலைக்குப் பெயர் கேட்பதில் தப்பு என்ன?

1940-ல் அவர் நியூயார்க் மாகாணத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். சீக்கிரமே ஆராய்ச்சிக்குத் தலைவரானார். கையில் ஆட்களும் பணமும் வந்ததும் பழைய கேள்விக்குத் திரும்பினார். ரத்தம் ஏன் வெளுக்கிறது? குடல் ஏன் சத்தை விடுகிறது?

இந்தக் கேள்விக்குப் பாதி விடையைக் கண்டுபிடித்தது ஒரு பெண், அதுவும் நம் நாட்டில். லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டர் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள் கர்ப்பமானதும் ரத்தம் வெளுத்துச் செத்துப்போவதைப் பார்த்தார். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று போய்ப் பார்த்து எழுதினார். கடைசியில் ஈஸ்டில் செய்த மார்மைட் என்ற மலிவான சாறு கொடுத்தால் அந்த ரத்தசோகை தீர்கிறது என்று 1931-ல் வெளியிட்டார். ஈஸ்டிலும் ஈரலிலும் ஏதோ ஒரு சத்து இருக்கிறது, அது என்ன என்றுதான் தெரியவில்லை. திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு பார்த்த நம் பெண்களுக்கு அந்த பம்பாய் மில் பெண்கள் தூரத்து உறவு இல்லை, பக்கத்து உறவு.

1941-ல் வேறு சிலர் கீரையிலிருந்து அந்த மாதிரி ஒரு சத்தைப் பிரித்தார்கள். இலை என்பதற்கான லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் என்று பெயர் கொடுத்தார்கள். ஆனால் டன் கணக்கில் கீரையை அரைத்தால் சிட்டிகை அளவு கிடைத்தது. அதை வைத்து யாருக்கு வைத்தியம் பார்ப்பது? சுப்பாராவின் குழு அந்தச் சத்தின் அமைப்பைக் கண்டுபிடித்து, கீரையும் ஈரலும் இல்லாமல் ஆய்வகத்திலேயே செய்துகாட்டி, 1945-ல் அறிவித்தது. அடுத்த வருடமே அமெரிக்க டாக்டர் டாம் ஸ்பைஸ் முதலானவர்கள் அந்த மருந்தை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். புண்ணான நாக்கு ஆறியது, ரத்தம் ஊறியது. சுப்பாராவின் அண்ணன் தம்பியைக் கொண்டுபோன அதே நோய்தான்.

நம் அன்றாடத்துக்கு வேண்டிய இரண்டு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். போலிக் ஆசிட் சத்து கீரையிலும் பயறு வகைகளிலும் இருக்கிறது, ஆனால் அதிக நேரம் கொதித்தால் அழியும், வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அதோடு போய்விடும். இரண்டாவது, வயிற்றில் குழந்தை உருவான முதல் 28 நாளுக்குள் அதன் முதுகுத் தண்டுக் குழாய் மூடவேண்டும். அது சரியாக மூடாமல் பிறக்கும் குறையை, முன்கூட்டியே சாப்பிடும் போலிக் ஆசிட் பெருமளவு தடுக்கிறது என்று 1991-ல் இங்கிலாந்தில் முடிந்த ஆராய்ச்சி காட்டியது. 28 நாளுக்குள் என்றால் பல பேருக்கு நாள் தள்ளியதே தெரிந்திருக்காது. அதனால் குழந்தைக்குத் தயாராகும்போதே டாக்டரிடம் கேட்டு ஆரம்பிக்க வேண்டிய மாத்திரை இது. நர்சம்மா கொடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது தாமதம்.

போலிக் ஆசிடைச் செய்யத் தெரிந்த கையோடு, அதைப் போலவே தோற்றம் காட்டுகிற சில பொருட்களையும் சுப்பாராவின் குழு செய்தது. திண்டுக்கல்காரர்களுக்கு இதைப் பூட்டு சாவி வைத்துத்தான் சொல்லவேண்டும். சாவி மாதிரியே இருக்கும், துவாரத்தில் நுழையும், ஆனால் திரும்பாது. பூட்டும் திறக்காது, நிஜச் சாவியையும் உள்ளே விடாது. வேகமாகப் பெருகுகிற புற்றுநோய் செல்களுக்குப் போலிக் ஆசிட் நிறைய வேண்டும். அங்கே இந்தப் பொய்ச் சாவியைப் போட்டால் பெருக்கம் நிற்கும். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து, நோய் கொஞ்ச காலம் அடங்கியதை 1948-ல் வெளியிட்டார். மருந்தால் ரத்தப் புற்றுநோய் அடங்கும் என்ற நம்பிக்கை அதிலிருந்துதான் பிறந்தது. அந்த வரிசையில் வந்த மெத்தோட்ரெக்ஸேட், கர்ப்பத்துக்குப் பிறகு கருப்பையில் வருகிற ஒரு அபூர்வப் புற்றுநோயை 1950-களில் முழுசாகக் குணமாக்கியது.

இன்றைக்கு அதே மெத்தோட்ரெக்ஸேட்டை முடக்குவாதத்துக்கும் எழுதுகிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடவேண்டிய மாத்திரை அது. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிற நம் குழுத் தன்னார்வலர்கள், மூட்டு வலிக்காரர் வீட்டில் இந்தப் பெயரைப் பார்த்தால் எந்தக் கிழமை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கூடவே போலிக் ஆசிடும் எழுதியிருப்பார்கள். பொய்ச் சாவி, நிஜச் சாவி இரண்டும் அவருடைய பட்டறையில் செய்தவைதான்.

யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரையும் அங்கேதான் பிறந்தது, 1947-ல். காவிரி டெல்டா, கடலூர்ப் பக்கம் வீடு வீடாகக் கொடுத்தார்களே, அதுதான். டெட்ராசைக்ளின் வகையில் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948-ல் வெளிவந்தது. அதற்காக மண்ணிலிருந்து நுண்ணுயிர்களைத் தேடியெடுத்த பெஞ்சமின் டக்கர் என்ற பேராசிரியர் வயதாகிவிட்டதென்று கல்லூரியிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்டவர். அவரை வேலைக்கு வைத்துக்கொண்டது லெடர்லி.

இப்போது, படிக்கிற எல்லோருக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். சேஷகிரி என்ன ஆனார்? படிப்பு முடிந்ததும் கணவர் திரும்பி வருவார் என்றுதான் அனுப்பினார். அவர் போன பிறகு ஒரு ஆண் குழந்தை பிறந்து, ஒரு வயது நிறையுமுன் இறந்துபோனது. அப்பா அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று 26 வருடம் ஓடியது. சுப்பாராவ் ஒரு தடவை கூட ஊருக்கு வரவில்லை. வேலை முடியவில்லை, பணமில்லை, பிறகு யுத்தம் என்று காரணங்கள் உண்டு. வேறு கல்யாணம் செய்யவில்லை, அமெரிக்கக் குடியுரிமைக்கு வழி பிறந்த பிறகும் அதை வாங்காமல் கடைசிவரை இந்தியராகவே இருந்தார். இதெல்லாம் உண்மை. ஆனால் அவர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் தியாகம் என்ற சொல்லை அவருக்கே வைத்துக்கொள்கிறார்கள். அதில் சரிபாதிப் பங்கு சேஷகிரிக்கு உண்டு. வெங்கம்மாவின் நகைக்கும் ஒரு பங்கு உண்டு. லாபத்தைப் பிரிக்கும்போது எல்லா உறுப்பினர் பெயரையும் எழுதுவதுதான் நம் குழுவில் பழக்கம்.

1948 ஆகஸ்டில் ஒரு இரவு தூக்கத்திலேயே மாரடைப்பில் அவர் உயிர் பிரிந்தது. வயது 53. நோபல் பரிசு இல்லை. ஒரு பூஞ்சண இனத்துக்கு சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தார்கள். நூற்றாண்டு வந்தபோது, 1995-ல், இந்தியத் தபால்துறை அவர் படம் போட்டுத் தபால்தலை வெளியிட்டது.

வெப்ப நாட்டு ஸ்ப்ரூவுக்கு இன்றைக்கும் டாக்டர்கள் இரண்டு மருந்தைச் சேர்த்துத்தான் பல மாதம் கொடுக்கிறார்கள். ஒன்று போலிக் ஆசிட். இன்னொன்று டெட்ராசைக்ளின்.